கொம்பு வைத்த அம்மா

"சிரிங்க ஏகாம்பரண்ணே. ஏழு ஊருக்குக் கேக்கணும்" என்று டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பாஸ்கர் சொன்னான்.

ஏகாம்பரம் காலை அகட்டி வைத்துக்கொண்டார். இடுப்பு பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். பிறகு சிரித்தார். அடிவயிற்றில் புறப்பட்டு, மார்பில் உருண்டு, தொண்டையில் கரகரத்து வெளியே வரும் சிரிப்பு அது. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் முறைக்காகக் காத்திருந்தேன். கையிலிருந்த டம்ளரில் வெந்நீர் நடுங்கியது.

எதிரே திரையில் ஒரு டிராகன், கடலுக்கடியிலிருந்து தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. மான் கொம்பு, கெளுத்தி மீசை, கோரைப்பல். இந்த மூன்றும் இருக்கிற ஜீவன் நம் ஊரில் என்ன செய்யும்? அசுரச் சிரிப்பு சிரிக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாஸ்கருக்குத் தெரியும், ஏகாம்பரத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் தெரியாதது ஒன்றுதான். அந்தப் படத்தின் கதை.

பார்க்காத படம்

சீனாவில் எடுத்த படம். அவர்கள் புராணத்தில் டிராகன்கள்தான் கடலையும் மழையையும் ஆள்கின்றனவாம். எல்லாம் கம்ப்யூட்டரில் செய்த பொம்மைகள். பையன் ஓடினால் அவன் தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் ஆடும். அந்த முடிக்குச் செலவழித்த மூளையில் கால்வாசியை நாங்கள் தமிழுக்குச் செலவழித்திருந்தால், என் அனுபவத் தொடரில் இந்த அத்தியாயத்தை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

மூலப் படத்தின் பெயருக்கு 'மழைமுத்து' என்று அர்த்தமாம். விநியோகஸ்தர் அதைக் கேட்டு, நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றாராம். தமிழில் 'அசுர டிராகன்' என்று வைத்துவிட்டார்கள். டப்பிங் தொடங்கும் முன்பே போஸ்டரும் அடித்தாயிற்று.

கதை எங்களுக்குத் தெரிந்தமட்டில் இவ்வளவுதான். மழை பொய்த்த ஊர். ஆற்றில் மிதந்து வந்த குழந்தையை மத்தளம் செய்கிற ஒருவன் எடுத்து வளர்க்கிறான். குழந்தைக்கு எட்டு வயதாகும்போது, கீழைக் கடலில் இருக்கும் டிராகன்தான் மழையை விழுங்கிவிட்டது என்று ஊர் சொல்கிறது. பையன் ஒரு கொக்கையும் மூன்று கால் தேரையையும் கூட்டிக்கொண்டு டிராகனைக் கொல்லக் கிளம்புகிறான்.

பிறகு? தெரியாது. திருட்டு வீடியோ வந்துவிடும் என்ற பயத்தில் படத்தை ஆறு பாகமாக வெட்டி அனுப்புவார்கள். ஒன்றைப் பேசி முடித்தால்தான் அடுத்தது வரும். கடைசிப் பாகம் ரிலீஸுக்கு நாலு நாள் முன்னால் வரும். வருகிற பாகமும் நிறம் வெளுத்து, குறுக்கே கம்பெனி எழுத்து நீந்திக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்த்தா பேசுகிறோம்? வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்துப் பேசுகிறோம்.

இதை ஒரு குறையாகச் சொன்னால் பாஸ்கருக்குக் கோபம் வரும். அவன்தான் டப்பிங் டைரக்டர், வசனமும் அவனே. கதையைத் தெரிந்துகொண்டு வசனம் எழுதுவது திறமை இல்லாதவன் வேலை என்பது அவன் கட்சி. கொக்குக்கு மெட்ராஸ் பாஷை, தேரைக்குக் கோயம்புத்தூர் பாஷை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டான். பையன் இரண்டு குச்சியை வைத்து நூடுல்ஸ் சாப்பிடும் காட்சியில், "அப்பா, இடியாப்பம் சூடா இருக்கு" என்று என்னைப் பேச வைத்தான். நூடுல்ஸ் என்றால் நம் பிள்ளைகளுக்குப் புரியாதாம். ஆவடியில் தெருவுக்கு இரண்டு நூடுல்ஸ் வண்டி நிற்கிறது.

உள்ளேன் ஐயா

அந்தப் பையன் நான்தான். அப்போது எனக்கு வயது ஐம்பத்துநாலு.

டப்பிங்கில் சின்னப் பையன்களுக்குப் பெண்கள்தான் பேசுவோம். நிஜப் பையன்களுக்கு ஓரிடத்தில் உட்காரும் பொறுமை இல்லை. பழகி வருவதற்குள் குரலும் உடைந்துவிடும். முப்பது வருஷமாக நான் எட்டு வயதிலேயே நிற்கிறேன். நீங்கள் பேசிய பையன்களில் உங்களுக்குப் பிடித்தவன் யார் என்று திருநின்றவூர் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். ஒருவனையும் பிடிக்காது ஐயா. எல்லோரும் ஓயாமல் கத்துவார்கள்.

இந்தக் குரலைக் கொடுத்தவன் என் தம்பி. சின்ன வயதில் கோவில்பதாகையில் ஒரு மாஸ்டரிடம் நாங்கள் இரண்டு பேரும் டியூஷன் போனோம். மாஸ்டருக்குக் கண் பார்வை மங்கல். ஆனாலும் பெயர் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுக்காமல் பாடம் நடத்த மாட்டார். தம்பி ஏரிக்கரைக்குக் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். அவன் பெயர் வரும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு அவன் குரலில் "உள்ளேன் ஐயா" என்பேன். அடுத்து என் பெயர் வரும். அதற்கு என் குரல்.

ஒருநாள் மாற்ற மறந்துபோய், என் பெயருக்கும் தம்பி குரலிலேயே சொல்லிவிட்டேன். மாஸ்டர், "அக்காவுக்கு நீ ஏன்டா சொல்றே" என்று தம்பியைத் திட்டிவிட்டு, எனக்கு ஆப்சென்ட் போட்டார். டியூஷனுக்குப் போகாமல் ஊர் சுற்றினேன் என்று அப்பாவிடம் அன்றைக்கு அடி வாங்கியது நான். தம்பி பக்கத்தில் நின்று கடலை மிட்டாய் தின்றான்.

முப்பது வருஷமும் எனக்கு ஒரே ஆசைதான். என் சொந்தக் குரலில் ஒரே ஒரு படத்தில் பேச வேண்டும். அம்மா வேண்டாம், அரசி வேண்டாம், தண்ணீர்க் குடத்தோடு குறுக்கே போகிற பெண் போதும். வருகிற டப்பிங் டைரக்டர்களிடமெல்லாம் கேட்டேன். பாஸ்கரிடம் அந்தப் படத்தின் முதல் நாளும் கேட்டேன். "உங்க ஸ்பெஷாலிட்டி பையன்தானே அக்கா, அதை ஏன் கெடுத்துக்கிறீங்க" என்றான். இதில் இன்னொரு கொடுமை, அந்த வருஷம் எனக்குக் குரல் உடைய ஆரம்பித்திருந்தது. உச்சத்தில் கத்தினால் நடுவில் பிசிறு விழும். பையனும் போய்விட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது யாரும் கேட்காத அந்தச் சொந்தக் குரல்தான். வெந்நீர் டம்ளரும் கையுமாக நான் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

ரப்பர் கம்பெனிச் சிரிப்பு

ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமழிசையில் ஒரு ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே இருபது வருஷம் கத்திக் கத்தியே குரல் அப்படி ஆகிவிட்டது. லீவு நாளில் எங்களிடம் வந்து அசுரன், கொள்ளைக்காரன், "பிடி, விடாதே" என்று பின்னால் ஓடி வருகிற கும்பல், எல்லாம் பேசிவிட்டுப் போவார். அவர் பேசிய ராட்சசர்களில் பாதிப் பேர் இரண்டாவது வசனத்துக்குள் செத்துவிடுவார்கள்.

டிராகன்தான் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேஷம். ஐந்து காட்சிகளில் வருகிறது, தலைப்பே அதன் பெயரில் இருக்கிறது. அதனால் வீட்டில் போய் இரண்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி யாழினியிடம் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டது.

ஆறாவது பாகம்

திங்கட்கிழமை ஆறாவது பாகம் வந்தது. வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஏகாம்பரம் வேலைக்குப் போயிருந்தார். பாஸ்கரும் நானும் மட்டும் பார்த்தோம்.

பையன் ஈட்டியோடு கடலுக்கடியில் போகிறான். டிராகன் ஓடவில்லை, எதிர்க்கவில்லை. தலையைத் தரையில் சாய்த்துக்கொள்கிறது. கொம்பு உதிர்கிறது, செதில் உதிர்கிறது. உள்ளே ஒரு பெண். பையன் பிறந்தபோது மூச்சில்லாமல் பிறந்தான். மழையை வரவழைக்கும் முத்து அவளிடம் இருந்தது. அதை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தாள், அவன் அழுதான். முத்து போன பிறகு அவளால் மழை தர முடியவில்லை. மழை வேண்டுமென்றால் முத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், எடுத்தால் பிள்ளை செத்துவிடுவான். ஊர் திட்டட்டும், சாபம் விடட்டும் என்று பிள்ளையை ஆற்றில் மிதக்கவிட்டுக் கடலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பாஸ்கர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "அக்கா, இது அம்மாவா" என்றான்.

அம்மாதான். ஐந்து பாகமாக அசுரச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தது பெற்ற தாய். இரண்டாவது பாகத்தில் அவள் பையனிடம், "என்னைத் தேடி வராதே" என்று மட்டும்தான் சொல்கிறாள். அதில் அச்சம் போதாது என்று நம் பாஸ்கர், "தேடி வந்தால் எலும்பை எண்ணி மென்று தின்பேன்" என்று சேர்த்து எழுதியிருந்தான். வாய் இன்னும் திறந்திருக்கிறதே என்று நான்தான் அந்த 'எண்ணி'யை எடுத்துக் கொடுத்தேன். அடுத்தவனை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது.

பாஸ்கர் போனை எடுத்துப் பெண் குரல்களாகத் தேடினான். ஒருத்திக்குத் தொண்டைக்கட்டு, ஒருத்தி ஊரில் இல்லை, ஒருத்தி அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உங்க சொந்தக் குரல் எப்படி இருக்கும் அக்கா?"

முப்பது வருஷமாக அவனோடும் அவனைப் போன்றவர்களோடும் அந்தக் குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எரிச்சல்தான் வந்தது. ஆனால் "சரி" என்று சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் ஞாபகத்துக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். இதைப் பெருமையாக எழுதவில்லை.

பதினொரு மணி டீ

மறுநாள் ஏகாம்பரம் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, டிராகன் சாகிற காட்சி பேசுவதற்காக வந்தார். பாஸ்கர் மாடிப்படியில் வைத்தே விஷயத்தைச் சொல்லிவிட்டு, போன் வந்ததுபோல நழுவிவிட்டான். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் அவனுக்குச் சரியாகப் போன் வரும்.

ஏகாம்பரம் என்னிடம் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டார்.

"பரவால்ல வனஜாம்மா. அம்மான்னா பொம்பளதான் பேசணும், அதான் நாயம். ஆனா பாப்பா கிளாஸ் ஃபுல்லா சொல்லி வச்சிகீது. அதுங்கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?"

நான் நேராக உள்ளே போய் பாஸ்கரைப் பிடித்தேன். வார்த்தை நான் பேசுகிறேன். உறுமல், மூச்சு, கர்ஜனை எல்லாம் அவருடையது அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நானும் கிளம்புகிறேன் என்றேன். பாஸ்கர் உடனே ஒத்துக்கொண்டான். நியாயத்துக்காக இல்லை, அவனுக்கு அதில் பாதி வேலை மிச்சம்.

இனி நான் பேச வேண்டும். எங்கள் ஸ்டூடியோ அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே தகர மூடி அடிக்கிற பட்டறை. பிரஸ் மெஷின் தொம்மென்று விழும் ஒவ்வொரு அடியும் சுவர் வழியாக மைக்குக்கு வந்துவிடும். கத்துகிற வசனமென்றால் கவலையில்லை, படத்தின் பின்னணி மேளச் சத்தத்தில் அமுங்கிவிடும். மெதுவாகப் பேசுகிற வசனத்தை, பட்டறைக்காரர்கள் பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போகிற பதினைந்து நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டும். உலகத்துத் துக்கத்தையெல்லாம் நாங்கள் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள்தான் பட்டிருக்கிறோம்.

மெஷின் நின்றது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பையனின் வசனத்தைக் காலையிலேயே பேசி வைத்திருந்தேன். இருட்டில் அவன் கூப்பிட்டான்.

"அம்மா, நீ எங்க இருக்கே?"

எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவனும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவன் நானே.

"இங்கதான் இருக்கேன்" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாஸ்கர் அடுத்த வசனத்துக்கு விரலைச் சுழற்றினான். அவன் பக்கத்தில் ஏகாம்பரம் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்கர் இரண்டாவது டேக் கேட்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் ஆறாவது பாகத்தில் அம்மாவின் வசனம் முழுக்க முடிந்தது. பழைய பாகங்களின் மிரட்டல்களையும் அன்றைக்கே மாற்றிப் பேசினேன். முதல் காட்சியில் இருந்த அந்தப் பெரிய சிரிப்பை மட்டும் எடுக்க பாஸ்கர் மறந்துபோனான். நினைவிருந்தும் விட்டுவிட்டான் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

ஆவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலைக் காட்சிக்கு ஏகாம்பரம் பேத்தியோடு ஆவடிக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். தியேட்டர் வாசலில் போஸ்டர். டிராகன் வாயில் நெருப்பு, கீழே ரத்தம் சொட்டும் எழுத்தில் 'அசுர டிராகன்'. பிள்ளைக்காக உயிர் முத்தைக் கொடுத்த தாய்க்கு நாம் செய்த மரியாதை.

யாழினிக்கு முன்பல் இரண்டும் இல்லை. தாத்தா என்னைக் காட்டி, இவங்கதான் அந்தப் பையன் என்றார். பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த ஆயாவா?" என்றது. ஆயாவாம். நான் பாப்கார்ன் வாங்கிக் கொடுப்பதாக இருந்தேன், வாங்கவில்லை.

முதல் காட்சியில் டிராகன் சிரித்தது. அரங்கமே அதிர்ந்தது. யாழினி சீட்டின் மேல் ஏறி நின்று, "எங்க தாத்தா, எங்க தாத்தா" என்று பின்வரிசைக்குத் திரும்பிச் சொன்னது. ஏகாம்பரம் அவளை இழுத்து உட்கார வைத்தார். இருட்டிலும் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு இடியாப்பம் வந்தது. குழந்தைகள் ஒன்றிரண்டு பேர், "டேய், அது நூடுல்ஸ்டா" என்று திரையைத் திருத்தினார்கள். கொக்கு பேசியதற்குப் பெரியவர்கள் சிரித்தார்கள். தேரை பேசியதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அந்தக் காட்சி. கொம்பு உதிர்ந்தது. பையன் கூப்பிட்டான். "இங்கதான் இருக்கேன்" என்று நாலு பக்கச் சுவரிலிருந்தும் என் குரல் வந்தது. பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. என் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. காய்கறிக்காரனிடமும் கேஸ் கம்பெனியிடமும் அதைப் போட்டு இத்தனை வருஷம் தேய்த்திருக்கிறேன் என்று வருத்தமாக இருந்தது.

அந்த நிசப்தத்தில் யாழினி தாத்தாவிடம் கேட்டது.

"தாத்தா, நீ பொம்பள மாரி கூடப் பேசுவியா?"

படம் முடிந்து சீனப் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. முடி செய்தவர்கள் பெயர்கூட இருந்தது. தமிழில் பேசியவர்கள் பெயர் ஒன்றுமில்லை. ஆகவே அந்தப் பிள்ளையின் சந்தேகத்தைத் தீர்க்க அங்கே வேறு சாட்சியும் கிடையாது.

வெளியே டீக்கடையில் ஏகாம்பரம் நேர்மையாகவே சொன்னார்.

"அது நான் இல்ல கண்ணு. சிரிச்சது, உறுமனது நானு. பேசனது இவங்க."

"பொய் சொல்ற. இவங்க பையன்னு நீதான சொன்ன?"

"பையனும் இவங்கதான், அம்மாவும் இவங்கதான்."

யாழினி யோசித்தது. "ஆயாவே பையனாப் பேசுனா, நீ பொம்பளையாப் பேச மாட்டியா?" என்றது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டியதை அது முடிவு செய்துவிட்டது.

ஏகாம்பரம் விடவில்லை. "வனஜாம்மா, நீயே ஒரு தபா பேசிக் காட்டு. அப்பதான் நம்பும்" என்றார்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பேருந்துகள் இரைந்துகொண்டிருந்தன. கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் முறையாக என் சொந்தக் குரலை ஒருவர் கேட்டு நிற்கிறார். அதுவும் பல்லில்லாத ஒரு ரசிகை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து, வாயைத் திறந்தேன்.

"இங்கதான் இருக்கேன்."

தம்பி குரலில் வந்தது.

பேத்தி முன்னால் தாத்தாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தேன் என எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். இல்லை. யாராவது எதிரில் நின்று பேசு என்றால் என் தொண்டைக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். அது இத்தனை வருஷப் பழக்கம்.

யாழினி கைதட்டியது. "பாத்தியா தாத்தா, இவங்க பையன். அது நீதான்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் சொல்லு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு ஆப்சென்ட் போட்ட மாஸ்டரிடம், ஐயா, அது நான்தான் என்று அன்றைக்கும் எழுந்து சொல்லத் தெரியவில்லை எனக்கு. டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.